அந்த 'அவன்' யார்?

அத்தியாயம் பதினான்கு

தாண்டவராயனுக்குப் பஸ்ஸில் பிரயாணியாக உட்கார்ந்து பழக்கமில்லை. விழுப்புரத்தில் வண்டி கிளம்பியதிலிருந்து அவன் வலது கால் தன்னிஷ்டத்துக்குப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. மிதிக்க அங்கே பிரேக் ஏது? முன் சீட்டுக்காரரின் கூடைதான் இருந்தது.

"காலை அடக்கி வைங்க. கூடையில முட்டை இருக்குது" என்றாள் கிருஷ்ணவேணி.

ஒன்பது வருஷமாக இதே ரோட்டில் 'பெண்ணையாறு மோட்டார் சர்வீஸ்' வண்டியை ஓட்டியவன் அவன். விக்கிரவாண்டியில், பஸ் கூரையிலிருந்து மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஒன்று சரிந்து ஒரு பால்காரரின் கையை முறித்தது. அன்றைக்கே சஸ்பெண்டு. இன்றோடு பதினோரு நாள். மத்தியானம் மூன்று மணிக்குத் திண்டிவனம் ஹெட் ஆபீசில் விசாரணை. குற்றம் அவன் தலையில் விழுந்தால் இந்தக் கம்பெனி மட்டுமல்ல, சுற்று வட்டாரத்தில் எந்த முதலாளியும் அவன் கையில் ஸ்டியரிங்கைக் கொடுக்கமாட்டார்.

கம்பெனி அனுப்பிய கடிதமும் அதோடு வந்த செக்கிங் இன்ஸ்பெக்டரின் ரிப்போர்ட் நகலும் இங்கிலீஷில் இருந்தன. தாண்டவராயனுக்குத் தமிழே எழுத்துக்கூட்டித்தான். விபத்து நடந்த இடத்தில் ரிப்போர்ட்டை நீட்டி, "இங்க கையெழுத்துப் போடு" என்றார்கள். போட்டுவிட்டான்.

கிருஷ்ணவேணி எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இருபத்தெட்டு வயதில், போன வருஷம் 1960 ஜூனில், திண்டிவனத்து மாதர் சங்க வகுப்பில் சேர்ந்தாள். இடையில் படிப்பு நின்றுபோன பெண்களை இரண்டு வருஷத்தில் எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குத் தயார் செய்யும் வகுப்பு அது. தினமும் காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புவாள். தாண்டவராயன் தடுக்கவில்லை. அதற்காக, என்ன படித்தாய் என்று ஒரு நாளும் கேட்டதுமில்லை.

கடிதம் வந்த அன்று மட்டும் கேட்டான். அவள் மூன்று தடவை படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள்.

"ஒவ்வொரு வார்த்தையும் தெரியுதுங்க. ஆனா யாரு யாரைச் சொன்னாங்கன்னு பிடிபடலே."

அன்றைக்கு அவனுக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை நாள் பஸ் ஏறிப் போய் என்னத்தைப் படித்தாள்?

இன்று காலை அவளாகவே சொன்னாள். "நீங்களும் என்னோட வாங்க. வகுப்பு முடிஞ்சதும் ரெண்டு பேருமா ஆபீசுக்குப் போலாம்."

*

மாதர் சங்கக் கட்டடத்தின் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு கிடந்தது. தாண்டவராயன் அதில் உட்கார்ந்தான். ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பன்னிரண்டு பெண்கள். இங்கிலீஷ் டீச்சர் லூர்துமேரிக்கு இருபத்து நாலு வயதிருந்தால் அதிகம். மாணவிகளில் பாதிப் பேருக்குத் தங்கை மாதிரி இருந்தாள்.

"டீச்சர், இன்னிக்குப் பாடப்புத்தகத்துக்குப் பதிலா இதை எடுத்துக்கலாமா?" கிருஷ்ணவேணியின் குரல். "என் வூட்டுக்காரர் மேல இருக்கிற கேசு. எனக்குப் புரியலே."

தாண்டவராயனுக்குச் சுரீரென்றது. தன் மானத்தை எடுத்துப் பன்னிரண்டு பேர் நடுவில் வைத்துவிட்டாளே! உள்ளே கரும்பலகையில் சாக்பீஸ் கிரீச்சிட்டது. எழுந்து போய்விடலாம் என்று செருப்பைத் தேடினான்.

"வெள்ளையம்மாள், முதல் வரியைப் படிங்க."

"தி டிரைவர் டோல்டு தி கண்டக்டர் தட் ஹி ஹாட் நாட் டைட் தி லோடு ப்ராப்பர்லி."

"தமிழ்ல?"

"டிரைவர் கண்டக்டர்கிட்ட, தான் மூட்டையைச் சரியா கட்டலேன்னு சொன்னாரு."

"நிறுத்துங்க. 'தான்' எங்கேருந்து வந்துச்சு? பலகையில 'ஹி'தானே இருக்கு?"

பிறகு வேறொரு பெண் சொன்னாள். "டிரைவர் கண்டக்டரைப் பார்த்து, நீ சரியா கட்டலேன்னு சொன்னாரு. இப்படியும் வரலாமே, டீச்சர்?"

"வரலாம். ரெண்டும் வரலாம். அதுதான் இந்த வாக்கியத்தோட கோளாறு. தமிழ்ல 'தான்'னு ஒரு வார்த்தை இருக்கு, யார் பேசினாங்களோ அவங்களைக் காட்டிக் குடுத்துடும். இங்கிலீஷ்ல அந்த வசதி கிடையாது. பேசினவரும் 'ஹி', கேட்டவரும் 'ஹி', நடுவுல வந்தவரும் 'ஹி'."

தாண்டவராயனின் கை செருப்பிலேயே நின்றது.

நீ சரியா கட்டலைய்யா! விக்கிரவாண்டி ரோட்டில், பதறிப்போய், கண்டக்டர் அப்பாதுரையைப் பார்த்து அவன் கத்தியது அப்படியே அதுதான். ஆனால் கம்பெனி அதை, 'நான் சரியாகக் கட்டவில்லை' என்று டிரைவரே ஒப்புக்கொண்டதாகப் படித்திருக்கிறது!

"ரெண்டாவது வரியை நான் தமிழ்லயே சொல்றேன்" என்றாள் லூர்துமேரி. "அவன் புதுக் கயிறு வேண்டும் என்று அவனிடம் இரண்டு முறை கேட்டதாகவும், பழையதே போதும் என்று அவன் சொல்லிவிட்டதாகவும் அவன் பதில் சொன்னான்."

வகுப்பே சிரித்தது. "இத்தினி 'அவன்' எங்க தெருவுலகூட இல்ல, டீச்சர்!"

"சிரிச்சாச்சா? இப்ப ஒவ்வொரு 'ஹி' தலை மேலயும் ஒரு பேர் எழுதணும். யார் பதில் சொன்னது?"

"கண்டக்டர்."

"கயிறு கேட்டது?"

"கண்டக்டர்."

"யார்கிட்ட கேட்டாரு? போதும்னு சொன்னது யாரு?"

"டிரைவர்!" என்றாள் வெள்ளையம்மாள்.

"எதை வெச்சு சொல்றீங்க?"

வெள்ளையம்மாள் பலகையை மறுபடி பார்த்தாள். கிருஷ்ணவேணிதான் மெதுவாகப் பேசினாள். "அந்தப் பேரு வாக்கியத்துக்குள்ள இல்லவே இல்ல, டீச்சர். கம்பெனிக்காரங்க டிரைவர்னு ஊகிச்சு நிரப்பிக்கினாங்க."

"சபாஷ்! விடை இங்கே இல்லைன்னு கண்டுபிடிக்கிறதும் படிப்புதான். இல்லாத பேரை நிரப்பினா பரீட்சையில மார்க் போகும்." லூர்துமேரி சாக்பீஸைக் கீழே வைத்தாள். "இங்க ஒருத்தரோட வேலையே போகும். சரி, கடைசி வரி?"

"அதை நான் சரியா பார்க்கலே, டீச்சர். சும்மா ஆபீசு வழக்கம்னு விட்டுட்டேன்."

"பத்தியை எதுவரைக்கும் படிக்கணும்னு சொல்லியிருக்கேன்?"

"முற்றுப்புள்ளி வரைக்கும்" என்று பன்னிரண்டு பேரும் சேர்ந்து சொன்னார்கள்.

கிருஷ்ணவேணி படித்தாள். "ஹிஸ் சிட் இஸ் அட்டாச்டு." அவள் குரல் எழும்பியது. "அவனுடைய சீட்டு இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது! டீச்சர், கண்டக்டர் கயிறு கேட்டு எழுதின சீட்டு! எங்களுக்கு வந்த நகல்ல அது இல்லவே இல்ல!"

தாழ்வாரத்தில் தாண்டவராயன் செருப்பை விட்டுவிட்டு மறுபடியும் பெஞ்சில் உட்கார்ந்தான். பதினோரு நாளாக அவன் கழுத்தை இறுக்கிய கடிதத்தை இந்தப் பெண்கள் முறுக்குப் பிழிவது மாதிரி பிழிந்து எடுத்துவிட்டார்கள். அதில் முதல் கை அவன் பெண்டாட்டியுடையது.

*

வகுப்பு முடிந்து, கட்டடத்துப் பின்புறம் வேப்பமர நிழலில் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். கிருஷ்ணவேணி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை.

"அப்பாதுரை யாருகிட்ட கயிறு கேட்டாரு?"

அவன் ஊறுகாயைத் தொட்டுத் தொட்டு வைத்தான்.

"உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் பதினோரு நாளா வாயைத் தெறக்காம இருக்கீங்க."

"ஸ்டோர்ல" என்றான் கடைசியில்.

அவளுக்கு மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. கம்பெனி ஸ்டோர் கிளார்க் துரைக்கண்ணு, தாண்டவராயனின் அக்கா கோவிந்தம்மாளின் புருஷன். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் முதலாளி முன்னால் அவனைக் கொண்டுபோய் நிறுத்தி வேலை வாங்கிக் கொடுத்தவரும் அவரேதான்.

"ரெண்டு தபா கேட்டான் அப்பாதுரை. என் கண்ணெதிர்ல கேட்டான். பழசே போதும், போன்னு மாமா சொல்லிட்டாரு. நான் எப்பிடி வேணி சொல்லுவேன்? சொன்னா அக்கா குடும்பம் இன்னா ஆவும்?"

"அதுக்காக நீங்க செய்யாத தப்பை ஒப்புக்கப் போறீங்களா?"

"அந்தப் பால்காரரை ரெண்டு தபா போய்ப் பார்த்தேன். கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் கும்புடு போடறாரு எனக்கு. மூஞ்சியைப் பார்க்க முடியலே." அவன் பொட்டலத்தை மடித்தான். "வண்டி என் வண்டி. கயிறு இத்துப்போனது தெரிஞ்சும் எடுத்துக்கினு போனேன் இல்ல? எனக்கும் அதுல பங்கு இருக்குது."

கிருஷ்ணவேணி ரிப்போர்ட் நகலை மடித்துப் பைக்குள் வைத்தாள்.

"சரி. அந்தப் பேரை நான் சொல்லமாட்டேன். அது உங்க அக்கா வூட்டு விஷயம், நீங்கதான் முடிவு பண்ணணும். ஆனா அந்த எடத்துல உங்க பேரு எழுதியிருக்குன்னு எவன் படிச்சாலும் நான் ஒத்துக்கமாட்டேன். ஏன்னா அப்படி எழுதலே."

*

ஆபீசில் மேனேஜர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தார். மெட்ராசிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. பேரேடு மாதிரி கனமான ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தவர் துரைக்கண்ணு. வைத்துவிட்டு மச்சானைப் பார்க்காமல் சுவர் ஓரமாக நின்றுகொண்டார். சாட்சி சொல்ல வந்த அப்பாதுரை வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றான்.

"உங்க பக்கம் பேச யாராவது இருக்காங்களா?"

"எனக்கு இங்கிலீசு தெரியாதுங்க. படிக்கத் தெரிஞ்சவங்களைக் கூட்டியாந்திருக்கேன்."

"வக்கீலா?" மேனேஜர் அவன் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"இல்லீங்க. என் சம்சாரம்."

துரைக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். மேனேஜரின் உதட்டோரம் லேசாக வளைந்தது. ஆனாலும் கையால் நாற்காலியைக் காட்டினார். கிருஷ்ணவேணி உட்காரவில்லை. நகலைப் பிரித்து, நின்றபடியே படித்தாள். 'ப்ராப்பர்லி'யில் நாக்கு தடுக்கியது. மேனேஜர் திருத்தினார்.

"என் உச்சரிப்பு தப்பா இருக்கலாம்ங்க" என்றாள். "அர்த்தத்துல தப்பு இல்லாம பார்த்துக்கறேன்."

பிறகு ஒவ்வொரு 'ஹி'யாக நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். இது யார்? அது யார்? முதல் வரியை இரண்டு விதமாகவும் படித்துக் காட்டினாள். மேனேஜர் முதலில் நாற்காலியில் சாய்ந்திருந்தார். இரண்டாவது வரிக்கு வருவதற்குள் முன்னால் நகர்ந்து, ஃபைலில் இருந்த மூலத்தின் மேல் பென்சிலை ஓட்ட ஆரம்பித்தார். பென்சில் ஓரிடத்தில் நின்றது. முதல் தடவையாக அவர் முகத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது.

"நான் இதை டிரைவர்னுதான் எடுத்துக்கிட்டேன்" என்றார்.

"எழுதினவங்க அப்படி எழுதலீங்க. படிச்சவங்க அப்படிப் படிச்சிருக்கீங்க."

மேனேஜரிடம் இப்படிப் பேச இந்தக் கம்பெனியில் எந்த ஆம்பிளைக்கும் தைரியம் கிடையாது. அவள் குரலில் திமிர் இல்லை. கணக்குப் போட்டு விடை சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

மேனேஜர் ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் நகர்த்தினார். "சந்தேகம் வராதபடி நீங்க எழுதுங்க, பார்க்கலாம்."

இப்போது உட்கார்ந்தாள். அவள் எழுதி முடித்ததும் மேனேஜர் வாங்கிப் பார்த்தார்.

"ஒரு இடத்துல 'தி' விட்டுப்போச்சு."

"குடுங்க." போட்டுக் கொடுத்தாள்.

மேனேஜர் தமிழில் உரக்கச் சொன்னார். "டிரைவர் கண்டக்டரைப் பார்த்து, 'நீ மூட்டையைச் சரியாகக் கட்டவில்லை' என்றார். கண்டக்டர், 'புதுக் கயிறு வேண்டுமென்று நான் இன்னாரிடம் இரண்டு முறை கேட்டேன். பழையதே போதும் என்று அவர் சொல்லிவிட்டார்' என்று பதில் சொன்னார்." நிமிர்ந்தார். "இங்க ஏன் கோடு போட்டு விட்டிருக்கீங்க?"

"அந்தப் பேரு ரிப்போர்ட்டுல இல்லீங்க. இல்லாததை நான் எழுதக்கூடாது. கடைசி வரியில ஒரு சீட்டு இணைச்சிருக்குன்னு போட்டிருக்கு. அந்தச் சீட்டுல பேரு இருக்கலாம். ஃபைல்ல இருக்குதா, பாருங்க."

மேனேஜர் தாள்களைப் புரட்டினார். முன்னாலும் பின்னாலும் புரட்டினார். மூல ரிப்போர்ட்டின் மூலையில் குண்டூசி குத்திய இரண்டு துளைகள் இருந்தன. சீட்டு இல்லை.

"துரைக்கண்ணு, ஃபைல் உங்ககிட்டதானே இருந்தது?"

"எந்தச் சீட்டுங்க? எனக்கு ஒண்ணும் தெர்லீங்க."

தாண்டவராயன் மேஜையின் மேல் இருந்த அந்தத் தாளைப் பார்த்தான். அவனால் படிக்க முடியவில்லை. ஆனால் நடுவில் விட்டிருந்த கோடு தெரிந்தது. மணி மணியாக எழுதியிருந்தாள். அத்தனை சுத்தமான எழுத்துக்கு நடுவில் அந்த ஓட்டை மட்டும் அசிங்கமாக இருந்தது. அதை அவள் அவனுக்காக விட்டு வைத்திருக்கிறாள். தன் வாயை அடக்கிக்கொண்டு, அவன் அக்காவுக்காக.

"எழுதிக்கோங்க சார்" என்றான். "துரைக்கண்ணு. எங்க அக்கா வூட்டுக்காரரு. நான் பக்கத்துல இருந்தேன். கயிறு இத்துப்போனது தெரிஞ்சு வண்டியை எடுத்தது என் தப்பு. அதுக்கு இன்னா தண்டனையோ குடுங்க, வாங்கிக்கறேன்."

வாசலில் அப்பாதுரை ஒரு அடி உள்ளே வந்தான். "ஆமாங்க சார். நான்தான் சீட்டு எழுதிக் குடுத்தேன். அண்ணனே சொல்லாதப்போ நான் எப்பிடிச் சொல்றதுன்னு இருந்துட்டேன்."

துரைக்கண்ணு மச்சானைப் பார்த்தார், பிறகு கிருஷ்ணவேணியைப் பார்த்தார். மேனேஜர் போகச் சொல்வதற்கு முன்னாலேயே வெளியே போய்விட்டார்.

மேனேஜர் அந்தக் கோட்டின் மேல் பேரை எழுதிவிட்டு நிமிர்ந்தார். "சஸ்பென்ஷன் ரத்து. திங்கட்கிழமை முதல் வண்டியை நீங்க எடுங்க. கிளம்பறதுக்கு முன்னால கயிற்றை இழுத்துப் பார்த்துட்டு எடுக்கணும். அதுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும்." கிருஷ்ணவேணி பக்கம் திரும்பினார். "தமிழ்லயே அனுப்பறேன், அம்மா."

"இங்கிலீஷ்லயே அனுப்புங்க. படிச்சிக்கறோம்" என்றாள்.

*

திண்டிவனம் ஸ்டாண்டில் நாலு கண்டக்டர்களுக்கு அவன் கதையைச் சொன்னான். நாலாவது தடவை சொல்லும்போது மேனேஜர் எழுந்து நின்றே கேட்டதாக ஆகிவிட்டது.

"அவரு எழுந்திருக்கவே இல்லீங்க" என்று கிருஷ்ணவேணி இடித்தாள்.

"எழுந்திருக்கணும்."

பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் கோட்டக்குப்பத்து அப்துல் கரீம், ஜவுளி வியாபாரி. அவரையும் விடவில்லை. "பாய், ஒரு சின்ன வார்த்தை. 'ஹி'ன்னு. நம்மாளு ஒருத்தனும் கண்டுக்கலே. இவதான் புடிச்சா. டிசம்பரோட... இல்ல, வர்ற மார்ச்சுல எஸ்.எஸ்.எல்.சி. எழுதறா."

"மாஷா அல்லா" என்றார் அவர். "என் மகளையும் அந்த வகுப்புல சேர்க்கலாமா தம்பி? விலாசம் சொல்லுங்க."

தாண்டவராயனுக்கு விலாசம் தெரியவில்லை. தெருப் பெயர்கூடத் தெரியாது. ஒன்றரை வருஷமாக அவள் போய்வருகிற இடம். கிருஷ்ணவேணிதான் சொன்னாள். அவன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொஞ்சம் கழித்து, யாருக்கும் கேட்காமல் கேட்டான்.

"நாளைக்கு இன்னா பாடம், வேணி?"

அவள் சிரித்தாள். விக்கிரவாண்டி தாண்டும்வரை சொல்லிக்கொண்டே வந்தாள். அவனுக்குப் பாதி புரியவில்லை. நடுவில் ஒரு தடவைகூட அவன் கால் பிரேக்கைத் தேடவில்லை.

விழுப்புரத்தில் இறங்கித் தெருமுனை திரும்பும்போது விளக்கு வைக்கும் நேரம். வீட்டு வாசற்படியில் கோவிந்தம்மாள் உட்கார்ந்திருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. தம்பியைப் பார்த்ததும் அவள் சண்டைக்கு எழுந்திருப்பாள் என்று தாண்டவராயன் எதிர்பார்த்தான். என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வது என்று வழியெல்லாம் மனசைத் தயார் செய்து வைத்திருந்தான்.

அவள் அவனைப் பார்க்கவே இல்லை. நேராகக் கிருஷ்ணவேணியிடம் போய், கசங்கிய கவர் ஒன்றை நீட்டினாள்.

"எங்க வூட்டுக்காரரு வந்தாரு. டிரங்குப் பொட்டியைத் தூக்கிக்கினாரு, ஜல்தியா ஸ்டேஷன் பக்கம் போயிட்டாரு. அடுப்பாண்ட இது கெடந்துச்சு. இங்கிலீசுல இருக்குது. தெருவுல யாருகிட்ட காட்டுவேன் இதை? நீதான் படிச்சு சொல்லணும், வேணி."

"அக்கா, நான்..." என்று ஆரம்பித்தான் தாண்டவராயன்.

"நீ சும்மா இரு. அவ படிக்கட்டும்."

கிருஷ்ணவேணி கூடத்து விளக்கடியில் போய் நின்று கடிதத்தைப் பிரித்தாள். பெண்ணையாறு மோட்டார் சர்வீஸ் காகிதம் அல்ல அது. கவரின் மேல் துரைக்கண்ணுவின் பெயர், தபால் முத்திரை பம்பாய். ஒரு தடவை படித்தாள். உதடுகள் அசைய, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டு, முற்றுப்புள்ளி வரைக்கும் இன்னொரு தடவை படித்தாள்.

"இன்னா எழுதியிருக்குது?" கோவிந்தம்மாள் கிட்டே வந்தாள். "உள்ளதை உள்ளபடி சொல்லு. கூட்டாதே, கொறைக்காதே."

கிருஷ்ணவேணி கடிதத்தை மடித்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள். புருஷனை ஒரு தரம் பார்த்தாள். பிறகு பாயை விரித்தாள்.

"சொல்றேன் அண்ணி. ஒரு வரிகூட விடாம சொல்றேன். முதல்ல உட்காருங்க. இதுல வர்றது 'ஹி' இல்ல, 'ஷி'."